மனோ அக்கா போகாத ஏரி

மனோ அக்கா காலமான செய்தி எனக்கு மெல்பேர்ணிலிருந்து வந்தது. அவருடைய வீடு இங்கே சிட்னியில், டூங்கபியில். என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம்கூட இல்லை. ஆனால் காலையில் மாரடைப்பு வந்து அவர் போனதும் மகன் முதலில் அழைத்தது மெல்பேர்ணில் இருக்கும் மாமி பவானியை. முறைப்படி அதுதான் சரி. பவானி, மனோ அக்காவுடைய தம்பியின் மனைவி. நான் பரமற்றாவில் ஓர் அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்து மேசையில் பல வருடம் இருந்தவள், அவ்வளவுதான். "உங்களுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்று பவானி அழுகைக்கு நடுவே கேட்டார். அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவரை அறிந்த பலர் இதை வாசிப்பீர்கள். கோயில் மடைப்பள்ளியில் சாம்பார் கிண்டிய மனோ அக்காவை, புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்த மனோ அக்காவை உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தவர் ஐரோப்பா வரைபடத்தின் மேல் மூக்குக்கண்ணாடியோடு குனிந்திருப்பவர்.

ஒரு குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவருடைய குசினி மேசையில் அந்த வரைபடம் விரிந்து கிடந்தது. பல வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தால் கிடைக்கும் லோங் சேர்விஸ் லீவு எங்கள் இருவருக்கும் சேர்ந்திருந்தது. பாரிஸில் வாடகைக்குக் கார் எடுத்து, ஆறு கிழமை ஓடி, ரோமில் விடுவதாகத் திட்டம். எங்கள் ஆட்கள் ஐரோப்பா போவதென்றால் பாரிஸில் சித்தப்பா, ஸ்ருட்கார்ட்டில் மச்சான், சூரிச்சில் பெரியம்மாவின் மகள் என்று வீட்டிலிருந்து வீட்டுக்குப் போவதுதான். மனோ அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை. "ஒரு வீட்டுக்குப் போனால் எல்லா வீட்டுக்கும் போகவேணும் பிள்ளை. போகாத வீட்டுக்காரர் பிறகு எங்கட செத்தவீட்டுக்கும் வராயினம். அதால ஒரு வீட்டுக்கும் போறேல்லை."

எந்த ஊரில் நிறுத்துவது என்பதற்கு அவரிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் இருந்தது. "இறங்கினால் திரும்பக் காருக்குள்ள ஏற மனம் வரக்கூடாது. அப்பிடி இடமெண்டால் சொல்லும்." நான் நூலகப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு போவேன். கோட்டை என்றால், "யாழ்ப்பாணத்தில பாத்தாச்சு." தேவாலயம் என்றால், "ஒண்டு காணும். மிச்சம் எல்லாம் அதின்ர தம்பிமார்." கடைசியாக வட இத்தாலியில், மலைகளுக்கு நடுவே ஓர் ஏரியைக் காட்டினேன். ஒரு கரையில் காரோடு கப்பலில் ஏறி மறுகரையில் இறங்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "காரையும் ஏத்துவாங்களோ? உண்மையாவோ?" பிறகு பென்சிலால் அந்த ஏரியைச் சுற்றி வட்டம் போட்டார். அந்த வட்டம் என்னுடையது என்று நான் அன்றே எடுத்துக்கொண்டேன்.

கார் பதியப் போனபோதுதான் சிக்கல் வந்தது. கிடைத்தது கியர் கார்.

"நீர் கியர் ஓடுவீரோ?"

"இல்லை அக்கா. ஓட்டோமற்றிக்தான்."

"ஆறு கிழமை நான் தனிய ஓடேலாதே."

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, "பவானி கியர் ஓடுவாளாம். லீவும் எடுக்கலாமாம்," என்றார். ஒரு காரில் மூன்று பேர் போகலாம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. வழி தெரிந்தவளாக முன் இருக்கையில் இருக்க வேண்டியவள் நான். பின் இருக்கையில் பெட்டிகளோடு இருக்க எனக்கு மனமில்லை. அதை அவர் கேட்காமலே புரிந்துகொண்டிருக்க வேண்டும். "நல்லதாப் போச்சு அக்கா," என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்தேன். அந்த ஆறு கிழமையும் அலுவலகத்தில் அவருடைய வெறும் கதிரையைப் பார்க்கும்போதெல்லாம் பவானி எந்த ஊரில் என்ன பார்த்துக்கொண்டிருப்பார் என்று கணக்குப் போட்டேன்.

திரும்பி வந்து படங்களைக் காட்டினார். மலையும் இல்லை, ஆறும் இல்லை. படத்துக்குப் படம் சோபா. சோபாவில் சேலை கட்டிய பெண்கள், பின்னால் கண்ணாடி அலுமாரி. பாரிஸில் இறங்கியதும் பவானி ஒரு மாமிக்கு அழைத்து, வந்துவிட்டோம் என்று மட்டும் சொன்னாராம். பொழுதுபடுவதற்குள் ஜெர்மனிக்கும் சுவிஸுக்கும் செய்தி போய்விட்டது.

"பாவம், அவள் ஒரு கோல்தான் எடுத்தவள். அதுக்குப் பிறகு கார் எங்கட சொல்லைக் கேக்கேல்லை. நாட்டுக்கு நாடு ஆட்டிறைச்சிக் கறி."

நானும் சேர்ந்து சிரித்தேன். என் சிரிப்பில் அவருக்கான அனுதாபம் அதிகம் இருக்கவில்லை. சிரித்து முடித்து, "ஏரி?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. மிலானில ஒரு மச்சான் பிடிச்சு வைச்சிட்டார். அந்தப் பக்கமே போகேல்லை. ஏரி எங்கயும் ஓடாது. நீரும் நானும் போகேக்க பாப்பம்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காரில் பாடிக்கொண்டு போனேன்.

பிறகு தன் பழைய கியர் காரில் எனக்குப் பழக்கினார். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு மேட்டில் கார் நின்று நின்று போனது. பின்னால் வான் ஓட்டி வந்த தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் தலையை நீட்டினான். "ஆன்ட்டி, நடை சாத்திடுவாங்க! கொஞ்சம் சீக்கிரம்!" மனோ அக்கா கண்ணாடியை இறக்கி, "தம்பி, நாங்கள் இத்தாலிக்குப் போறம். கொஞ்சம் பொறும்," என்றார். எனக்குச் சிரிப்பில் கிளச்சிலிருந்து கால் எடுபட்டு, கார் மறுபடியும் நின்றது. மேட்டில் காரை எடுக்க ஒருவழியாகப் பழகிவிட்டேன். ஆனால் அவருடைய மகளுக்குப் பிள்ளைப்பேறு, என் மகனுக்கு உயர்தரப் பரீட்சை, பிறகு அவருக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு வருடமும் "வாற வருசம்" என்றே போனது.

செத்தவீட்டன்று, தகனம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, பவானி தேநீரோடு என் பக்கத்தில் வந்து இருந்தார். கதை தானாகவே அந்தப் பயணத்துக்குப் போனது.

"எனக்கு அந்த ஏரிதான் மறக்கேலாது," என்றார். "காரோட கப்பல்ல ஏறினம். மச்சாள் கம்பியைப் பிடிச்சபடி நிண்டா, ஒரு கதையும் இல்லை. அங்கால போய் இறங்கினதும், 'திருப்பும் காரை' எண்டா. அதே கப்பல்லயே திரும்பி வந்தம். பிறகும் ஒருக்காப் போனம்."

பவானி தேநீரில் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"சிட்னியில ஒருத்தருக்கும் இதைச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ. எடுத்த படங்களையும் என்னையே வைச்சிருக்கச் சொல்லிப்போட்டா. இனிச் சொன்னால் என்ன. ஆனால் ஏன் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது," என்றேன்.

முதலில் வந்தது எரிச்சல்தான். மூன்று தடவை கடந்திருக்கிறார்கள், என் ஏரியை. அது தணியச் சில நாட்கள் சென்றன. என் பொறாமையை நான் நன்றாக மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். மனோ அக்கா தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தார். ஒரு சொல்லாலும் அதைக் குத்திக் காட்டவில்லை. பார்த்ததைச் சொல்லிச் சொல்லி மகிழத் தெரிந்தவர் அவர். உங்களுக்கே தெரியும், ஒரு சந்தைக்குப் போய் வந்தாலும் ஒரு மணித்தியாலம் கதைப்பார். அப்படிப்பட்டவர் தன் பயணத்தின் மிக நல்ல நாளைப் பற்றி என்னிடம் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

பவானி இதை வாசித்துத் தெரிந்துகொள்வார். பரவாயில்லை. பயணம் அவரிடம் இருக்கிறது, படங்களும் அவரிடம் இருக்கின்றன. அதில் எனக்கு இன்றும் பொறாமைதான். எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்த மனோ அக்கா என்னிடம் இருக்கிறார். அவரில் ஒருவருக்கும் பங்கு கொடுப்பதாக இல்லை.