பன்னிரண்டு நிமிட பில்ட்

தொம்மலூர் ஆபீஸில் கோடில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும், ப்ரோக்ராமை மறுபடி கட்டியெடுக்கும் பில்ட் முடியப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். எங்களுக்கு அது சௌகரியமாகவே இருந்தது. ஓடவிட்டுவிட்டு டீக்கடைக்கு இறங்கிவிடுவோம். பக்கத்து சீட்டுப் பெண் மட்டும் வர மாட்டார். ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர், யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். அங்கே அவருடைய மூன்று வயது மகனைப் பார்த்துக்கொள்ளும் க்ரெஷ் ஆறு மணிக்கு மூடிவிடும். பில்ட் முடிந்து மெட்ரோ பிடித்துப் போய்ச் சேரும்போது, கடைசிப் பிள்ளையாக ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பானாம்.

ஒரு திங்கட்கிழமை சொன்னார்: "இன்னொரு வாட்டி லேட்டானா வேற எடம் பாத்துக்கோங்கன்னுட்டாங்க குரு. வேற க்ரெஷ் எங்க இருக்கு? வேலையத்தான் விடணும்."

எனக்குச் சுருக்கென்றது. பில்டை இழுத்தடிப்பது நான் எழுதிய அனோடேஷன் ப்ராசசர்தான் என்று டீமில் முன்பே சொல்லியிருந்தார்கள். ப்ரோக்ராமின் ஒரு துண்டான க்ளாஸின் தலையில் சின்னக் குறி போட்டால் போதும். பில்ட் ஓடும்போது அது அந்தக் குறியைப் படித்து, மிச்ச ஜாவா கோடைத் தானே எழுதிவிடும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எல்லாம் பழைய லேப்டாப்களின் கோளாறு என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீம்பை விட்டுவிட்டுத் திறந்து பார்த்தேன். அத்தனை க்ளாஸுக்கும் சேர்த்து ஒரே பெரிய ஃபைலை எழுதிக்கொண்டிருந்தது. ஒன்று மாறினால் மொத்தமும் மறுபடி முதலிலிருந்து. இரண்டு நாள் உட்கார்ந்து க்ளாஸுக்கு ஒரு ஃபைல் என்று பிரித்தேன். எந்த ஃபைல் எந்த க்ளாஸிலிருந்து வந்தது என்பதையும் பில்ட் கருவிக்குச் சொல்லிவைத்தேன். ஓட்டினால், அதே பன்னிரண்டு நிமிடம். கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

பக்கத்து சீட்டுப் பெண் எழவில்லை. எதையும் மாற்றாமல், முன்பு உருவான ஃபைல்களை அழித்துவிட்டு இரண்டு முறை பில்ட் செய்து, வந்த ஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த ஒரு லைன்தான் மாறுது. இத யாரு குரு படிக்கப் போறா?"

எல்லா ஃபைலும் எட்டிப் பார்க்கும் பொது ஃபைல் ஒன்று மிச்சமிருந்தது. எந்த க்ளாஸுக்கும் சொந்தமில்லாதது. 'உருவான நேரம்' என்று அதில் நொடி வரை துல்லியமாக எழுதச் சொல்லியிருந்தேன். யாரும் கேட்கவில்லை, வெறும் கெத்துக்காக. ஒவ்வொரு பில்டுக்கும் அது மாற, அதை நம்பியிருந்த எல்லாமே புதிதாக உருவாகிக்கொண்டிருந்தன. வெட்கமாக இருந்தது. அதில் வேறெதுவும் இல்லாததால், அதை எட்டிப் பார்க்கும் வரிகளோடு சேர்த்து அந்த ஃபைலையே தூக்கிவிட்டேன்.

அடுத்த மாற்றத்துக்கு பில்ட் இருபது நொடியில் முடிந்தது. அவர் நம்பாமல் இன்னொன்றை மாற்றி ஓட்டிப் பார்த்தார். அப்போது மணி நாலரை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆறு அடிப்பதற்கு வெகு முன்பே போனில் ஒரு படம் வந்தது. ஒரு காலில் மட்டும் ஷூ, வாயைப் பிளந்து அழும் பையன். பதறிப்போய்க் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன்.

"வெளையாட்டு முடியலயாம். ஏம்மா இவ்ளோ சீக்கிரம் வந்தேன்னு அழறான் குரு."