கூடாரத்துக்குக் கொடுத்த காசு

மூணாறு மலைமேல் ஒரு சொகுசுக் கூடாரத்தில் தங்கிவிட்டு வந்தோம் என்று சொன்னால், மட்டாஞ்சேரியில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "அந்தக் காசுக்கு அது தகுமா?" என்பதுதான். யானையைப் பார்த்தாயா என்றுகூட யாரும் கேட்பதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர். வெலிங்டன் தீவில் டூரிஸ்ட் கப்பல் வந்து நின்றாலும் சரி, காக்கநாட்டுக் கம்பெனிக்காரர்கள் லீவுக்குக் கிளம்பினாலும் சரி, மூணாறு என்றால் முதலில் இவரைத்தான் தேடுவார்கள். தேசியப் பூங்காவை ஒட்டி இருக்கிற அந்தக் கூடார ரிசார்ட்டுக்கு எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து எனக்கு வர்ணிப்பார். துணி வீடுதான், ஆனால் உள்ளே மரத்தரை, பெரிய கட்டில், முழங்கால் உயரத்துக்கு மெத்தை, வெந்நீர். இவர் எங்கே படுத்தார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். டிரைவர்களுக்கென்று பின்பக்கம் ஒரு ஷெட் உண்டு. அதில் இடம் இல்லையென்றால் காரின் முன்சீட்டு. வண்டியில் வந்த பார்ட்டிக்குத் தலைவலி மாத்திரை வேண்டுமென்றால் இவரை எழுப்புவார்கள். வரையாடு பார்க்க விடிகாலையில் கிளம்புவதென்றால், அவர்களுக்கு முன்னால் இவர் எழுந்து கண்ணாடியில் படிந்த பனியைத் துடைக்க வேண்டும். வீட்டில் படுத்தாலும் கோழித்தூக்கம்தான். கண்ணுக்குக் கீழே கருத்தே போய்விட்டது. இந்த மனுஷனை அந்த மெத்தையில் ஒரு ராத்திரியாவது தூங்க வைக்காமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது.

நான் சுக்குக் குடோனில் வேலை பார்க்கிறேன். என் கூலியில் கட்டின சீட்டு விழுந்ததும் கூடாரத்துக்குப் பணம் கட்டினேன். பக்கத்துச் சந்தில் இருக்கிற அவருடைய அக்காவுக்குச் செய்தி போன வேகத்தில் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? நம்ம கூரையிலயே டார்பாலின்தானே கட்டிக் கெடக்கு? துணிக்கு அடியில படுக்கக் காசு குடுத்து மலை ஏறணுமா?"

"இது ஒழுகுற டார்பாலின் மயினி. அது ஒழுகாதாம்."

"மகளுக்கு ஒரு கம்மல் எடுக்கலாம். காசைக் கரியாக்காத."

"கம்மல் அடுத்த சீட்டுல எடுப்பேன். உங்க தம்பி மூஞ்சிய நீங்க நல்லாப் பாத்து எத்தன நாளாச்சு?"

மயினி கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் கிளம்புகிற அன்று மகளை அவர் வீட்டில்தான் விட்டோம். திட்டிக்கொண்டே சோறு போடுகிற கை அது.

கூடார ரிசார்ட்டின் முகப்பில் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். சட்டென்று இறங்கி என் பக்கக் கதவைத் திறந்தார். பையை எடுத்து அங்கே நின்ற பையனிடம் கொடுத்தார். பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டு பின்பக்கம் போனவர் திரும்பி வரவே இல்லை. எனக்கு ஏதோ ஒரு பழரசம் கொடுத்து உட்கார வைத்தார்கள். குடித்து முடித்தும் ஆளைக் காணோம். தேடிப் போனால், டிரைவர் ஷெட்டில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாலு டிரைவர்களோடு உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருக்கிறார்!

"என்னங்க, இங்க என்ன பண்றீங்க?"

திருதிருவென்று விழித்தார். "இல்ல, இங்க சாயா ஃப்ரீ," என்றார்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஊர்த் தமிழர் ஒருவர் அங்கே மேனேஜர். இவரைப் பல வருஷமாகத் தெரிந்தவர். சிரிப்புச் சத்தம் கேட்டு வந்தவர், நல்ல மனசோடுதான் சொன்னார்: "அக்கா, அண்ணன் எப்பவும் போல டிரைவர் மெஸ்ஸுல சாப்பிடட்டும். அவர் சாப்பாட்டுக் காசைக் கழிச்சுடறேன்." என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கவா நான் மலை ஏறி வந்தேன்?

"ஒண்ணும் கழிக்க வேண்டாம் தம்பி. ரெண்டு பேரும் காசு கட்டித்தான் வந்திருக்கோம். ரெண்டு பேருக்கும் ஒரே மேசையில போடுங்க," என்றேன்.

சாப்பாட்டு ஹாலில் இவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். யார் உள்ளே வந்தாலும் எழுந்துகொள்ளப் பார்த்தார். சப்பாத்தி கேட்கவும் கூச்சம். கல்யாணத்தன்றைக்குக்கூட இவ்வளவு நெளிந்ததில்லை.

இனி கூடாரத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். துணிச் சுவருக்கு அந்தக் காசு அநியாயம். பக்கத்துக் கூடாரத்துக்காரர் இருமுவது தெளிவாகக் கேட்டது. போர்வையில் ஈர வாடை. குளியலறையில் ஒரு அட்டை நெளிந்தது. காடு என்று காட்டியது தூரத்தில் ஒரு பச்சை மேடு. ஆனால் மெத்தை அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. அதன் ஓரத்தில் சும்மா சாய்ந்து பார்க்கிறேன் என்றார். நான் பையிலிருந்து துண்டை எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் வாயைத் திறந்து தூங்கிப்போனார்.

விடிந்ததும் வெளியே ஒருவர் கூப்பிட்டார். பூங்கா ஓரமாக நடத்திக் கூட்டிப்போய் வரையாடு காட்டுவார்களாம். நாங்கள் கட்டின பணத்தில் அதுவும் சேர்த்தி. "வரல," என்றேன். "ஆடு ரொம்பப் பக்கத்துல நிக்குதுக்கா," என்றார். நிற்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே இவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அடுத்து அவருடைய போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். வைட்டிலாவில் இருக்கிற டிராவல்ஸ்காரர்.

"சேச்சி, சேட்டன்கிட்ட குடுங்க. கப்பல் வந்திருக்கு. உச்சைக்குள்ள, பன்னெண்டு மணிக்குள்ள, வண்டி இங்க வேணும்."

"அவர் தூங்குறார்."

"எழுப்புங்க சேச்சி. நாலு நாள் ட்ரிப்பாக்கும்."

"எழுப்ப மாட்டேன்."

"அப்போ வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"குடுத்துக்கோங்க."

போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு நாள் ஓட்டம் கிடைத்திருந்தால் கூடாரத்துக்குக் கட்டினதில் பாதியாவது திரும்பியிருக்கும். அந்த டிராவல்ஸ்காரர் இனிமேல் கூப்பிடாமலும் போகலாம். மயினிக்குத் தெரிந்தால் என்னைத் தோரணமாகக் கட்டித் தொங்கவிடுவார். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அந்தத் தூக்கத்தைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

வெயில் துணிச் சுவரில் நன்றாக ஏறின பிறகு அவர் கண்ணைத் திறந்தார். என் கையில் தன் போனைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யாரு?"

மறைக்காமல் சொன்னேன். கப்பலைச் சொன்னேன், நாலு நாளைச் சொன்னேன், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். கத்தட்டும், திருப்பிக் கத்துவதற்கு என்னிடமும் இருக்கிறது என்று இடுப்பில் கைவைத்து நின்றேன்.

"இன்னொரு தடவ கூப்பிட்டா," என்று அவர் போர்வையை இழுத்துத் தலையோடு மூடினார், "அப்பவும் தூங்குறேன்னே சொல்லு."