கையின் மேல் உட்கார்ந்த சித்தி

படகில் என் சித்தியின் இடம் முன்பலகை. கல்யாணமாகி வந்த புதிதில், அங்கே உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று யாரோ சொன்னார்களாம். அதற்காகவே போய் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. பின்னால் துடுப்பும் நங்கூரமும் சித்தப்பாவின் பொறுப்பு. படகில் பாதிப் பங்கு அவருடைய தம்பிக்கு. அவரை எல்லோரும் சின்னவர் என்போம். நடுப்பலகையில் உட்கார்ந்து உள்ளே வரும் தண்ணீரை இறைப்பது அவர் வேலை. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது கரையில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும்.

ஆறு கடலில் சேருமிடத்தில் ஒரு பழைய பாலம் உண்டு. கடலில் நீர்மட்டம் இறங்கும் வற்ற நேரத்தில் அதன் இரண்டு தூண்களுக்கு நடுவே ஆறு முழுக்கப் பிதுங்கிக்கொண்டு ஓடும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. பெரிய கொடுவா மீன்கள் தூணின் மறைவில் நின்றுகொண்டு, ஓட்டம் கொண்டுவந்து கொடுப்பதைத் தின்னும். அவற்றுக்குச் செத்த இரை ஆகாது. துள்ளுகிற மடவைக் குஞ்சுதான் வேண்டும்.

அந்தக் குஞ்சைத் தூண்டில் முள்ளில் கோர்ப்பதில் சித்தியை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் முதுகில் குத்துவார்கள். ஓட்டம் அதைக் குறுக்கே தள்ளிப் பம்பரமாகச் சுற்றவிடும், கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். சித்தி உதட்டில் மட்டும் கோர்ப்பாள். குஞ்சு தண்ணீரை எதிர்த்து முகம் காட்டி, தன் வீட்டு வாசலில் நிற்பதுபோல் நீந்தும்.

இவ்வளவு இருந்தும் கொஞ்ச காலமாக அவளுக்கு மீன் ஏறவில்லை. கடி வரும், தூண்டில் நரம்பு அதிரும், சித்தி சுண்டி இழுப்பாள், முள் வெறுமனே திரும்பி வரும். கடையில் நேர் முள் தீர்ந்துபோய் வட்ட முள் வாங்கி வந்ததிலிருந்துதான் இந்தக் கதை. வட்ட முள்ளின் முனை வெளியே பார்க்காமல் உள்பக்கம் வளைந்திருக்கும். இது மீனைக் குத்துமா, இல்லை தன்னையே குத்திக்கொள்ளுமா என்று சின்னவர் கரையெல்லாம் கேட்டுச் சிரித்தார்.

கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது விஷயத்தைப் போட்டு உடைத்தார். முள்ளில் குறையில்லை, அண்ணியின் கை தளர்ந்துவிட்டது. வரும் பௌர்ணமி ஓட்டத்திலும் மீன் ஏறாவிட்டால் முன்பலகைக்குத் தான் போவதாகவும், அண்ணி கரையில் இருந்து மீன் பிரிக்கலாம் என்றும் சொன்னார். சித்தப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி மட்டும், "சரி தம்பி, குழம்பு ஊத்திக்க" என்றாள்.

அந்த வாரம்தான் அது நடந்தது. நங்கூரக் கயிறு வழுக்கியதால் சித்தியும் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். படகின் முன்முனைக் கொம்பில் கட்டிவிட்டிருந்த நரம்பின் இரையை ஒரு கொடுவா கவ்வியது. யாரும் சுண்டவில்லை, கவனிக்கவே ஆளில்லை. கயிற்றைக் கட்டிவிட்டுத் திரும்பினால் மீன் பத்திரமாக மாட்டியிருந்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்றார் சின்னவர். சித்தி வீட்டுக்கு வந்ததும் அந்த மீனின் தலையை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

நான் அப்போது விடுமுறைக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான், இயற்பியல் பட்டம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் பார்க்காமல் போனால் நானே காட்டிவிடுவேன். அப்படிப்பட்டவனைச் சித்தி சமையலறைக்குக் கூப்பிட்டு, அந்தக் கொடுவாவின் தலையைக் கையில் கொடுத்தாள்.

"கெட்டியா பிடிடா. கடிக்காது."

வட்ட முள்ளைத் தொண்டைவரை விட்டு வெடுக்கென்று இழுத்தாள். எதையும் தொடாமல் வெளியே வந்தது. மறுபடி விட்டு, இந்த முறை பக்கவாட்டில் சாய்த்து மெதுவாக, விடாமல் இழுத்தாள். முள் வழுக்கிக்கொண்டே வந்து, வாயின் ஓரத்தில் தானே திரும்பி, தாடையைச் சுற்றிக்கொண்டது. என் கையிலிருந்த தலை அவள் பக்கம் நகர்ந்தது. மறுபடியும் செய்தோம். ஒவ்வொரு முறையும் அதே ஓரம், அதே திருப்பம். செத்த மீன் வாயில் ஏதோ உயிருள்ளது புகுந்து பூட்டுப் போடுவதுபோல் இருந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"அப்போ அன்னைக்கு ஆத்துல மெதுவா இழுத்தது யாரு?" என்றாள் சித்தி.

எனக்குப் புரிந்தது. ஓட்டத்தில் விட்ட நரம்பு நேராக நிற்காது, வயிறு தள்ளி வளையும். அந்த வளைவால்தான் நாம் சுண்டுவது மீனுக்குப் போய்ச் சேருவதில்லை என்று எல்லோரும் திட்டுவார்கள். அதே வளைவை ஓட்டம் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி இழுக்கிறது, மெதுவாக, விடாமல். நான் அதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன், சித்தியும் ஆர்வமாகக் கேட்டாள். எண்கள் சரியாக வர வர எனக்கு வியப்பு கூடிக்கொண்டே போனது. ஒரு முழு ஆறு அவளுக்காக நரம்பைப் பிடித்து நிற்கிறது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது.

அந்தச் சும்மா இருப்பதுதான் பெரும்பாடு. இத்தனை வருஷமாகக் கடித்தவுடன் சுண்டிப் பழகிய கை, சொன்னால் கேட்குமா?

பௌர்ணமி அன்று காலை நானும் படகில் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டம் அப்படி ஒரு ஓட்டம். தூணுக்கு முன்னால் தண்ணீர் ஒரு படி உயர்ந்து நின்றது. சித்தி குஞ்சைக் கோர்த்து, ஈயக் குண்டை இறக்கி, நரம்பைக் கொம்பில் கட்டி, இடது விரலை மட்டும் அதன்மேல் வைத்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் சொருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் நரம்பு நடுங்கியது. கீழே குஞ்சு பதறுகிறது. பிறகு நரம்பில் ஒரே இடி, கொடுவா கவ்விவிட்டது.

"இழுங்க அண்ணி" என்றார் சின்னவர்.

சித்தி அசையவில்லை. அடியில் மாட்டிய கை வெளியே வரத் துடிப்பது அவள் தோளில் தெரிந்தது.

"துப்பிடப் போகுது. இழுங்கன்னு சொல்றேன்ல."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். நரம்பு வயிறு தள்ளிக் கீழே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. ஒன்றுமில்லை. மீன் தப்பிவிட்டது என்றே நினைத்தேன். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் அந்த வளைவு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. நனைந்த நரம்பு தண்ணீரை உதறிக்கொண்டு மேலே எழுந்து, விறைத்து, ரீங்காரமிட்டது. படகின் மூக்கு தானாகத் திரும்பியது. தூணுக்குக் கீழே ஒரு கொடுவா, வெயிலில் தகடுபோல் மின்னி, முழு உடம்போடு தண்ணீரைவிட்டு எழும்பி விழுந்தது. அவ்வளவு பெரிய மீனை அந்தப் பாலத்தடியில் நான் பார்த்ததில்லை.

சித்தி அப்போதுதான் கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் பலகையின் வரிகள் பதிந்திருந்தன. அவசரமில்லாமல் நரம்பைச் சுற்றிச் சுற்றி வாங்கினாள். மீனைப் படகில் ஏற்றும்போது ஆண்கள் மூவரும் சேர்ந்து பிடித்தோம்.

சின்னவர் குனிந்து மீனின் வாயைப் பார்த்தார். முள் ஓரத்தில், தைத்து வைத்தாற்போல். அதைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க இழுக்கவே இல்லையே அண்ணி."

"தண்ணி இழுத்துச்சு தம்பி. நான் குறுக்க போகல, அவ்வளவுதான்."

அவர் தூண்களுக்கு நடுவே ஓடும் ஆற்றையே வெகுநேரம் பார்த்தார். அத்தனை வருஷமாக இறைத்துக் கொட்டிய தண்ணீரை அன்றுதான் முதலில் பார்ப்பவர்போல இருந்தது அவர் முகம்.

"முன்னாடி நீங்களே இருங்க" என்றார் பிறகு. "நானா இருந்தா அப்பவே சுண்டியிருப்பேன்."

சித்திக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ. அடுத்த குஞ்சை இறக்கிவிட்டு மறுபடியும் கையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.