மிர்ஸாவின் இருபத்தெட்டாயிரம்

குல்பர்ஷினுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பாள். அதைப் பார்த்ததுமே மாவட்ட ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் இடத்தைக் காலி செய்துவிடுவார்கள்.

இருபத்திரண்டு வருடமாக அங்கே ரத்தம் பரிசோதிக்கிறாள். ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் ஜூன் மாதத்தில் அவள் யாரையும் நம்பமாட்டாள். உண்ணியைப் பிடுங்கி நகத்தில் நசுக்கி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்காரும் மேய்ப்பர்கள் நான்காம் நாள் காய்ச்சலோடு வருவார்கள். சிலருக்கு உள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்திருக்கும். ஆள் பிழைப்பானா என்று ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டின் ஒரு நாள் எண் சொல்லாது. நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். விழுகிற வேகம்தான் பேசும்.

அன்று நண்பகலில் டாக்டர் அமான்கெல்டி வந்து கேட்டார். "காய்ச்சல் வார்டுல தோலேபெர்கெனுக்கு இன்னிக்கு என்ன?"

பதிவேட்டில் அவருடைய நேற்றைய எண் மட்டும் இருந்தது: பிளேட்லெட் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். இன்று ஒன்றுமில்லை.

"ரத்தம் எடுக்கலையோ? சரி, நாளைக்குப் பாத்துக்கலாம். ஆளு தெளிவாத்தான் இருக்காரு. குதிரைப்பால் கேக்குறாரு."

"மூஞ்சியப் பாத்து ஜோசியம் சொல்றீங்களா டாக்டர்?"

டாக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் காலைச் சீட்டுகளைப் புரட்டினாள். மிர்ஸா என்று ஒருவர். இருபத்தெட்டாயிரம். கல்லீரல் என்சைம் இயல்பைவிடப் பத்து மடங்கு. குழாயில் கால் மணி நேரமாகியும் ரத்தம் உறையவில்லை. இந்த மிர்ஸாவைப் பற்றி ஏன் யாருமே கேட்கவில்லை?

காய்ச்சல் வார்டில் அப்படி ஒரு ஆளே இல்லை. போன வாரம்தான் தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த நர்ஸ் நிகோரா, தோலேபெர்கெனின் கட்டிலைக் காட்டினாள்.

"அவரோட மருமககிட்டதான் பேர் கேட்டேங்க்கா. மிர்ஸான்னு சொல்லுச்சு. எழுதிட்டேன்."

குல்பர்ஷின் கண்ணாடியைக் கழற்றினாள். மருமகள் ஆய்ஸுலு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மாமனார் பேரச் சொல்லக்கூடாதில்லக்கா. வீட்ல அப்படித்தான் கூப்பிடுவேன்."

"வீட்ல கூப்பிடு. இங்க உசுரு போகுது. வாய் வரலேன்னா அடையாள அட்டையக் காட்டியிருக்கலாம்ல?"

"யாரும் கேக்கலையேக்கா."

அது குல்பர்ஷினுக்குச் சுருக்கென்று தைத்தது. காலை ஒன்பது மணிக்கே அந்தச் சீட்டு அவள் கையில் இருந்தது. தன் கணவரின் அண்ணனை அவளும் இருபத்தைந்து வருடமாக மிர்ஸா என்றுதான் கூப்பிடுகிறாள். அது பெயரல்ல, புகுந்த வீட்டு ஆண்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல் என்று ஊருக்குப் புதிய நிகோராவுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். சீட்டுக் குவியலில் யோசிக்காமல் தள்ளிவிட்டாள். மூன்று மணி நேரம் போய்விட்டது.

"தசையில ஒரு ஊசியும் போடாத, கசிஞ்சா நிக்காது" என்று நிகோராவிடம் உறுமிவிட்டு, நேற்றைய சீட்டையும் இன்றைய சீட்டையும் டாக்டர் முன்னால் சேர்த்து வைத்தாள்.

"சிட்டி ஆஸ்பத்திரில படுக்கை இல்லம்பாங்க. இன்னொரு தடவை பாத்துட்டு..."

"ஒரே நாள்ல முக்கால்வாசி போயிருச்சு. இன்னொரு தடவை பாக்கும்போது மூக்குல ரத்தம் ஒழுகும். நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"

சிட்டிக்கு வண்டி கிளம்பும்போது தோலேபெர்கெனின் ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் நகரத்துப் பரிசோதனைக்கூடத்துப் பெண் கூப்பிட்டாள். மூன்று பை பிளேட்லெட் ஏற்றியிருந்தார்கள். ஐம்பத்திரண்டாயிரம். கல்லீரல் என்சைம் ஏறுவது நின்றிருந்தது.

"பொழச்சுக்குவார்னு நெனைக்கிறோம்க்கா."

"நெனைக்காத. நாளைக்கும் எண்ணு."

போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரியின் தவறுப் பதிவேட்டை எடுத்தாள். பெயர் சரிபார்க்காத நர்ஸ், சீட்டு வராததைத் தேடாத டாக்டர் என்று எழுதினாள். இருவருக்கும் மேலே, காலியாக விட்டிருந்த முதல் வரியில், பார்த்தும் கேட்காதவள் என்று தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இதெல்லாம் எதுக்குக்கா, அதான் ஆளு தப்பிச்சாச்சே" என்றார் டாக்டர்.

அவள் பதிவேட்டையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள்.