மாலை 4.30: மங்கள இசை

சபா செயலாளர் அவர்களே, நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டீர்கள்.

இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். நலமா, ஊரில் மழையா என்று ஆரம்பிக்க இந்த வாரம் எனக்கு மனசில்லை.

உங்கள் சபாவின் டிசம்பர் கச்சேரிப் பட்டியல் போன வியாழக்கிழமை வெளியானது. பளபளப்பான பிடிஎஃப். எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். 'தங்கள் பத்தியில் இரண்டு வரி எழுதினால் மகிழ்வோம்' என்று கீழே ஒரு குறிப்பு. எழுதுகிறேன். இரண்டு வரிக்கு மேலேயே எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலை நான் ஆரணியில் என் வீட்டில் உட்கார்ந்து பார்க்கவில்லை. சேவூரில், வேலாயுதத்தின் வீட்டில் பார்த்தேன். வேலாயுதம் நாதஸ்வரம் வாசிப்பவர். முப்பது வருடமாக எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கும் கோயிலுக்கும் அவர்தான். "லிஸ்ட் வந்துட்ச்சாம் சார். எனுக்கு போன்ல தெறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டார். போனேன்.

வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். பட்டியல் பார்க்க எதற்கு இஸ்திரி போட்ட சட்டை? கேட்கவில்லை.

அவருடைய மைத்துனர் ஏழுமலை என் போனை வாங்கிக்கொண்டார். இவர்தான் தவில். மற்ற நாட்களில் செய்யார் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை.

"மாமா, உன் பேரு 'வ'வுலதான வரும்?"

"இது இன்னா ரேஷன் கார்டு லிஸ்டா? தேதி வாரியா பார்றா."

தேதிவாரியாகப் பார்த்தோம். முதல் பக்கம், முதல் நாள். 'மாலை 4.30: மங்கள இசை. 5.00: துவக்க விழா.' துவக்க விழாவுக்குத் தலைமை யார், முன்னிலை யார், குத்துவிளக்கு ஏற்றுவது யார், நன்றி சொல்வது யார்... எல்லோருக்கும் பெயர் இருந்தது. மங்கள இசைக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. தானாக வரும் போலிருக்கிறது, கரண்ட் மாதிரி.

சரி, அவருக்குத்தான் தனிக் கச்சேரி என்று வாக்கு உண்டே என்று பக்கங்களைத் தள்ளினோம். பாட்டு, வயலின், புல்லாங்குழல், வீணை. பக்கவாத்தியம் வாசிப்பவர்களுக்குப் பொடி எழுத்தில் பெயர். கஞ்சிராவுக்குக்கூடப் பெயர். கடைசிப் பக்கத்தில் கேன்டீன் நடத்துபவரின் போட்டோ, அடியில் அடை அவியல், அசோகா அல்வா.

வேலாயுதத்தின் மனைவி மல்லிகா எட்டிப் பார்த்தார். "அடைக்கு பேரு போட்டுகிறாங்க. ஊதறவங்களுக்கு இல்ல."

"மறுபடி மேலருந்து பார்றா" என்றார் வேலாயுதம்.

ஏழுமலை மறுபடி பார்த்தார். மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை அவர் பார்க்கவில்லை, விரலை மட்டும் தள்ளிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

இப்போது வாசகர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை.

போன வருடம் செயலாளர் தன் மகளின் கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்கு வந்தார். என்னுடைய வாசகர் என்று சொல்லிக்கொண்டு வந்ததால் நானே சேவூரில் ஒரு தறி வீட்டுக்கு அழைத்துப் போனேன். போகிற வழியில் கோயிலில் வேலாயுதம் வாசித்துக்கொண்டிருந்தார். செயலாளர் காரை நிறுத்தச் சொன்னார். "இப்படி ஒரு தோடி கேட்டு வருஷமாச்சு சார்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார் — நான் பார்த்தேன். அங்கேயே நின்று, டிசம்பரில் துவக்க நாளுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்.

வேலாயுதமும் ஏழுமலையும் போனார்கள். நானும் கூடப் போனேன். மேடையின் ஓரத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தார்கள். வேலாயுதம் தோடி ராகத்தை எடுத்தார். பத்து நிமிடம். பேசிக்கொண்டிருந்த கூட்டம் பேச்சை நிறுத்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது அரங்கத்தின் பின்வாசலில் சிறப்பு விருந்தினர் நுழைந்தார். முன்வரிசையில் நின்ற செயலாளர் 'இப்படி வாங்க' என்று கையை உயரத் தூக்கி ஆட்டினார்.

வேலாயுதம் தோடியை அப்படியே வெட்டினார். ஏழுமலையின் தவில் இடி மாதிரி இறங்கியது. கெட்டிமேளம்.

கல்யாண மேளக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாய் வாசிக்கும், கண் மணவறையில் இருக்கும். ஐயர் கை தூக்கினால் தாலி கட்டுகிறார்கள் என்று அர்த்தம். ராகமாவது, பாட்டாவது, எங்கே இருந்தாலும் விட்டுவிட்டுக் கெட்டிமேளம் அடிக்க வேண்டும். ஒரு நொடி தாமதமானால் பெண் வீட்டார் சும்மா விடமாட்டார்கள். முப்பது வருடமாக உயர்ந்த கையைக் கண்டால் நிறுத்துகிற மனிதர். சபாவிலும் ஒரு கை உயர்ந்தது. நிறுத்தினார்.

அரங்கமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "தாலி யாருக்குப்பா?" என்றார். அதற்கு இன்னொரு சிரிப்பு. அதை யாரோ வீடியோ எடுத்து, அது ஆரணி வரைக்கும் வந்துவிட்டது.

வேலாயுதம் மேடையிலிருந்து இறங்கியதும் செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என் தப்புதான். நான் கை தூக்கியிருக்கக் கூடாது. அடுத்த வருஷம் உங்களுக்குத் தனி ஸ்லாட். ஒன்றரை மணி நேரம். பேரு போட்டு." நான் பக்கத்தில் நின்றேன். அடுத்த வாரமே இதே பத்தியில் அதை எழுதினேன். படித்துவிட்டு, 'அருமை' என்று எனக்கு மெசேஜும் அனுப்பினார்.

அதன்பிறகு வேலாயுதத்திடம் ஒருநாள் கேட்டேன், அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன வாசிப்பீர்கள் என்று.

"தோடிதான் சார். ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும், ஒரே ஒரு வாட்டி. நடுவுல யாரும் கை தூக்காம."

முப்பது வருடத்தில் ஒரு ராகத்தை மேடையில் முழுசாக முடித்ததில்லை அந்த ஆள். எனக்கு அது அன்றுதான் உறைத்தது.

தை மாதத்திலிருந்து சாயங்காலமானால் தோடிதான். பக்கத்து வீட்டில் பட்டு நெய்பவர் தறியை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு எதுவரைக்கும் போன?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாராம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள் என்று அந்தத் தெருவே சேர்ந்து சென்னை போக ஒரு டெம்போ டிராவலர் பேசி வைத்திருக்கிறது. ஜன்னல் சீட்டு யாருக்கு என்று இப்போதே சண்டை.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். "போன் போடுங்க சார். மறந்துருப்பாங்க" என்றார் ஏழுமலை. "ஸ்பீக்கர்ல போடுங்க." போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

செயலாளர் சிரித்துக்கொண்டே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அது வந்து சார்... கமிட்டி முடிவு. நான் சொல்லிப் பார்த்தேன். போன வருஷ வீடியோ எல்லார்கிட்டயும் இருக்கு. அவங்களுக்குக் கல்யாணப் பழக்கம் சார், சபாவுக்கு ஒத்து வராது. மங்கள இசை கொடுத்திருக்கோமே, அதுவே பெரிய மரியாதை இல்லையா? அரை மணி நேரம், சீஃப் கெஸ்ட் வர்ற வரைக்கும். கெஸ்ட் வந்ததும் சிக்னல் கொடுப்போம்."

"பேராவது போடலாமே சார்?"

"மங்கள இசைக்கு யாரும் பேர் போடறதில்ல சார். வழக்கம் இல்ல."

'அவங்களுக்கு' என்ற சொல்லைக் கேட்டீர்களா? அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டார். மல்லிகா அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போனார். நான் போனை வைத்தேன்.

செயலாளரை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவனாகிவிட முடியாது. என் மகள் கல்யாணத்துக்கும் வேலாயுதம்தான் வாசித்தார். வீடியோக்காரர் சொல்வது காதில் விழவில்லை என்று இரண்டு முறை கை தூக்கி அவரை நிறுத்தியவன் நான். அவர் என்ன ராகத்தில் இருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாம்தான் ஒரு மனிதரை முப்பது வருடம் பாதியில் நிறுத்துகிறோம். அப்புறம் நாமே சொல்கிறோம் — இவருக்கு முழுசாக வாசிக்க வராது.

நான் போனை வைத்ததும் ஏழுமலைதான், "வாணாம் மாமா. வரலன்னு சொல்லிடு. அந்த ஆளுக்கு அப்பதான் பேஜாராவும்" என்றார்.

வேலாயுதம் என் போனை வாங்கினார். முதல் பக்கத்துக்கே போனார். அந்த வரியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வரலன்னு சொல்லலாம்டா. யாரு வரலன்னு சொல்லுவ? இதுல யாரு வராங்கன்னே போடலியே."

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அவர் போகப் போகிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. டெம்போ டிராவலரை வேண்டாம் என்று சொல்ல அந்தத் தெருவில் இன்னும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அன்று முதல் சாயங்காலத்தில் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடுகிறது என்று மல்லிகா சொன்னார்.

செயலாளர் அவர்களே, எனக்குத் தனியாகப் போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டாம். எடுக்க மாட்டேன். வாக்கை நான் அச்சில் போட்டேன், நீங்கள் 'அருமை' என்றீர்கள். பதிலும் எல்லோருக்கும் கேட்கும்படி வரட்டும். துவக்க நாளன்று, சிறப்பு விருந்தினர் உட்கார்ந்த பிறகு, மைக்கைப் பிடித்து இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். போன வருடம் இந்த மேடையில் கை தூக்கியது யார்? இந்த வருடம் நாலரை மணிக்கு வாசிப்பவருடைய பெயர் என்ன?