அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் கேட்ட அத்தாட்சி

கண்டியில் கணக்காய்வு படிக்கப் போன முதல் வருடமே எனக்கு யாரையும் நம்ப முடியாமல் போயிற்று. "சொன்னால் போதாது, அத்தாட்சி வேண்டும்" என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். குட்ஷெட் பஸ் நிலையத்தில் கண்டக்டர் "ஹந்தானை, ஹந்தானை" என்று கத்தினாலும், டிரைவரிடம் ஒருமுறை விசாரித்த பிறகே பஸ் ஏறினேன்.

அந்த நேரம் பார்த்து, அக்காவைப் பெண் பார்க்கக் கெலிஓயாவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை என்றார்கள். அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. தேநீர் ஊற்றும்போது ஒரே கோப்பையில் இரண்டு தரம் சீனி போட்டாள்.

நான் தொண்டையைச் செருமினேன். "நியமனக் கடிதம் கொண்டாந்திருக்கீங்களா?"

அப்பாவின் முகம் கறுத்தது. சம்பந்தம் அந்த நிமிடமே முறிந்துவிடும் போலிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அசரவில்லை. "தம்பி என்ன படிக்கிறீங்க?"

"கணக்காய்வுங்க. மொதப் பரீட்சை பாஸ்" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"அப்ப அந்த ரிசல்ட் கடுதாசியக் கொண்டாங்க தம்பி. நாளைக்கே இவனோட கடுதாசிய நாங்க காட்டுறோம்."

அந்தக் கடுதாசி என் மெத்தைக்கு அடியில் இருந்தது. பாஸ் என்பது நான் வாயால் அறிவித்தது. வீட்டில் யாரும் அத்தாட்சி கேட்டதில்லை.

"பரவாயில்லங்க, நீங்க சொன்னாப் போதும்" என்றேன்.

அக்கா குபீரென்று சிரித்துவிட்டாள். என் மெத்தையைத் தட்டிப் போடுகிறவள் அவள்தானே. அவள் சிரிப்பதைப் பார்த்து மாப்பிள்ளையும் சிரித்தார். ஆவணியில் கல்யாணம்.

அத்தானின் நியமனக் கடிதத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை.