தம்பி கப்பல்காரருக்கு ஊர் காட்டிய காலை

கப்பல் வரும் கிழமை முழுவதும் நான் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வந்தால் என்ன செய்வது, வெயில் கூடினால் என்ன செய்வது, வயது போன ஆட்கள் கோணேசர் கோயில் ஏற்றத்தில் தலை சுற்றி விழுந்தால் என்ன செய்வது. இதையெல்லாம் யோசிக்கும்படி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. தையல் மெசினில் இருந்தால் கால் தன்பாட்டில் மிதிக்கும், கை துணியைத் தள்ளும், தலை சும்மாதானே இருக்கிறது. சும்மா இருக்கிற தலைக்கு நான் கொடுக்கிற வேலை இது.

சென்னையிலிருந்து புறப்பட்டு நாலைந்து நாளில் திரும்பிப் போகும் உல்லாசக் கப்பல் அது. திருகோணமலையில் ஒரு பகல் நிற்கும். இறங்குகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றிச் சந்தையடியில் கொண்டுவந்து விடுவார்கள். அங்கிருந்து நடத்திக் கூட்டிப்போய் ஊரைக் காட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு மறுபடி கப்பலில் சேர்த்துவிட வேண்டும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தை நடத்தப்போகிறவன் என் தம்பி. அதுதான் அவனுக்கு முதல் தடவை.

என் தம்பிக்குக் கதைக்கும்போது வாய் திக்கும்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அம்மா படுக்கையில் விழுந்ததும் எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு மெசினில் இருந்தேன். அவன் என் பக்கத்தில் நிலத்தில் இருந்து துணி வெட்டுகளோடு விளையாடுவான். கடைக்குப் போனாலும், அவனுடைய பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், கிராம சேவகரிடம் போனாலும் அவனுக்காகக் கதைத்தவள் நான். அவன் ஒரு சொல்லைத் தொடங்கினால் நான் முடித்துவிடுவேன். அவன் கஷ்டப்படுவதைப் பார்க்க எனக்கு ஏலாது. ஊரில் அவனிடம் ஆராவது பெயர் கேட்டால், "தையல்கார அக்காவின்ர தம்பி" என்று சொல்லிவிடுவான். அது அவனுக்கு இலகுவாக வரும். கேட்டவர்களுக்கும் அது போதும்.

பல வருடம் ஒரு சாமான் கடையின் பின்பக்கக் களஞ்சியத்தில் ஆணியும் கம்பியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அங்கே கதைக்கத் தேவையில்லை. பிறகு எனக்குச் சொல்லாமலே சுற்றுலா வழிகாட்டிப் படிப்புக்குப் போய்ப் பாஸ் பண்ணிக்கொண்டு வந்து நின்றான். நான் சந்தோசப்படவில்லை, பயந்தேன். "உலகத்தில வேற வேலையே இல்லையோ தம்பி?" என்று கேட்டேன். "இருக்கக்கா. நி... நிண்டுகொண்டு கதைக்கிற வேலை வேணாம். இது நடந்துகொண்டு கதைக்கிற வேலை" என்றான். அதில் உண்மை இருந்தது. நடக்கும்போது அவனுக்குக் கதை வரும். நின்றால் கதையும் நின்றுவிடும். அந்த மாதம் முழுக்க விடிய எழும்பி, தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அந்தப் பாதையை நடந்தான். மீன் சந்தையில், "உன்ர தம்பி காலங்காத்தால ஆரோடயோ போனில கதைச்சுக்கொண்டு போறான், கலியாணம் கிட்டுது போல" என்று என்னிடம் கேட்டார்கள்.

சுற்றுலாவை ஏற்பாடு செய்கிறவர் பக்கத்துக் கிண்ணியாவிலிருக்கிற முஸ்லிம் மனிதர், அண்ணன் முறையில் எங்களுக்கெல்லாம் 'நானா'. அவர் வீட்டுக்கே வந்து கதைத்தார்.

"தங்கச்சி, இந்தப் பிள்ளைக்கு ஊர் தெரியும், இங்கிலீசும் தெரியும். ஆனா சனம் பொறுக்கணுமே. கப்பலால வாறவங்க அவசரக்காரங்க. இந்த ஒரு தடவ குடுத்துப் பாக்கிறன். சரிவரல்லன்டா வேற ஆளத்தான் போடணும், குறை நினைக்க வாணாம்."

கூட்டத்தின் கடைசியில் ஒருவர் நடக்க வேண்டுமாம், பிந்துகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு வர. அதற்கு வைத்திருந்த ஆளுக்குக் காய்ச்சல். "நான் போறன்" என்று நான் சொல்லி முடிக்கும்போது தம்பி கூரையைப் பார்த்தான்.

என் பை அன்றைக்குக் கனம். தண்ணீர்ப் போத்தல், உப்புச் சீனி, தைலம், ஊசி நூல், தோள் மூடாமல் வருகிற பெண்களுக்குக் கோயிலில் போர்க்க நாலைந்து சால்வை, வயிற்றைப் புரட்டினால் கொடுக்க ஒரு போத்தல் உப்பு நெல்லிக்காய். தம்பி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, நாங்கள் க... கண்டிக்கு நடக்கயில்லை" என்றான்.

சந்தையடியில் பஸ் நின்றது. நெஞ்சில் நம்பர் ஒட்டிக்கொண்டு சென்னைக் குடும்பங்கள் இறங்கின. முன்வரிசையில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது இறங்கின கொஞ்ச நேரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் அவருடைய மனைவி, கையில் விசிறி.

தம்பி மெல்லப் பின்னோக்கி நடந்தபடியே, "வணக்கம். திருகோணமலைக்கு வாங்கோ. இண்டைக்கு நான்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்" என்று ஒரே மூச்சில் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அந்த அம்மா கேட்டார், "உன் பேர் என்னப்பா?"

தம்பி நின்றுவிட்டான். தன் பெயரின் முதல் எழுத்திலேயே அவன் கதை நின்றது. திக்குகிறவர்களுக்குத் தங்கள் பெயர்தான் பொல்லாதது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான். மற்றச் சொல் வராவிட்டால் வேறொரு சொல்லைப் போடலாம், பெயருக்கு என்னத்தைப் போடுவது? அவனுடைய தாடை இறுகுவது தெரிந்தது. கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் நின்ற நான் அந்தப் பெயரை உரக்கச் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஓ, நல்ல பேரு" என்றார் அந்த அம்மா. தம்பியும் என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி நடக்கத் தொடங்கினான்.

நான் தொடக்கி வைத்ததைத் தொப்பிக்காரர் பிடித்துக்கொண்டார். மீன் கடையில் தம்பி ஒரு பெரிய மீனைக் காட்டி, "இது பா... பா..." என்றான்.

"பாம்பா?" என்றார் அவர். "பாம்பெல்லாம் விக்கிறாங்களா இங்க?"

"பாரை மீன் ஐயா" என்றான் தம்பி.

உட்துறைமுக வீதிக்கு வந்தோம். காலை வெயிலில் துறைமுகம் ஒரு பெரிய குளம் போலக் கிடந்தது. வந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "எவ்ளோ அமைதியா இருக்கு" என்று ஒரு பிள்ளை தாயிடம் சொன்னது. நான் தினமும் சைக்கிளில் தாண்டிப் போகிற தண்ணீர்தான், ஆனாலும் நானே உண்டாக்கி வைத்ததுபோல எனக்குப் பெருமையாக இருந்தது. தம்பி மறுகரையைக் காட்டி, "அங்கால தெரியிறது சீ... சீ..." என்றான்.

"சீனாவா?"

"கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க, பெருஞ்சுவரே தெரியும்" என்றார் அவர் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

"சீனன்குடா" என்றான் தம்பி. அவனும் சிரித்தான், ஆனால் சின்னச் சிரிப்பு.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. உதவி என்று நினைத்துத்தான் செய்தார். முகம் முழுக்க ஆவலோடு, விழப்போகிற பிள்ளையைப் பிடிக்கிறவர் மாதிரி முன்னால் சாய்ந்து நின்றார். ஒவ்வொரு தடவை அவர் சொல்லை எடுத்துக் கொடுக்கும்போதும் தம்பியின் தோள் கொஞ்சம் உள்ளே மடங்கியது. நான் இத்தனை வருடமும் அவனுக்கு முன்னால் நின்றுதான் சொல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். முன்னால் நின்றால் அந்தத் தோள் தெரியாது. பின்னால் நடந்தபடியால் கண்டேன்.

கோயிலுக்குப் போகிற வழியிலுள்ள கோட்டை வாசலில் தம்பி கதை சொல்ல நின்றதும் தொப்பிக்காரர் வாயைத் திறந்தார். நான் விறுவிறென்று போய், "சேர், நெல்லிக்காய். வெயிலுக்கு நல்லது" என்று ஒன்றை நீட்டினேன். உப்பு நெல்லிக்காயை வாயில் போட்டவர் கொட்டை தேயும்வரை கதைக்க ஏலாது. தம்பி கோட்டையைக் கட்டியவர்களின் கதையைத் தன் வேகத்தில், விழுந்தெழும்பிச் சொல்லி முடித்தான்.

"இன்னொண்ணு இருக்காம்மா?" என்று அவருடைய மனைவி என் காதோடு கேட்டார். "பாட்டிலோட குடுத்தீங்கன்னா கப்பலுக்கும் கொண்டு போயிடுவேன்."

கோட்டைக்குள் மான்கள் வந்தன. பிள்ளைகள் அவற்றின் பின்னால் ஓட, பாதை ஏற ஏறத் தம்பியின் கதையும் நன்றாக ஓடியது. ஒரு அண்ணர் எதையோ கேட்க, அவன் இங்கிலீசில் பதில் சொல்லிக்கொண்டே முன்னால் போனான். எனக்கு அது அரைவாசிதான் விளங்கியது. விளங்காத அரைவாசிக்கும் சேர்த்து அவனுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒருவரும் தலை சுற்றி விழவில்லை. சால்வையில் இரண்டு மட்டும் பயன்பட்டது.

கோயிலுக்குப் போய்விட்டு இராவணன் வெட்டுக்கு வந்தோம். பாறை பிளந்து நேரே கடலுக்குள் இறங்குகிற இடம். கீழே எட்டிப் பார்த்தால் எனக்கு இப்போதும் கால் கூசும். ஒவ்வொருவரையும், "கம்பியைப் பிடியுங்கோ, தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே நின்றுதான் கதை சொல்ல வேண்டும், நடக்க இடமில்லை. இந்த இடத்தை நினைத்துத்தான் நான் இரவிரவாகப் புரண்டு படுத்தது.

"இராவணன் தன்ர தாய்க்காக இந்த ம... ம..."

அவன் நின்றான். காற்று அடித்தது. தொப்பிக்காரரின் நெல்லிக்காய் முடிந்திருந்தது. அவர் முன்னால் சாய்ந்தார். அந்தச் சொல் என் வாய்க்குள்ளும் வந்து நின்றது. வாய் திறந்தும்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

தம்பி கையை உயர்த்தினான். சந்தியில் வாகனத்தை மறிக்கிற மாதிரி, ஒரு கையாலேயே அவரையும் என்னையும் மறித்தான்.

"பொறுங்கோ ஐயா. அக்கா, நீங்களும்தான். சொல் வ... வரும். நான் இடையில நிண்டா, வழி தெரியாமல் நிக்கயில்லை. நீங்கள் முன்னால ஓடினாத்தான் எல்லாரும் வழி தவறுவம்."

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு கடலைப் பார்த்தபடி நின்றான். அவசரப்படவில்லை. ஒருவரும் அசையவில்லை, பிள்ளைகள்கூட. அலை கீழே பாறையில் மோதித் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

"மலையை," என்றான். "மலையைத் தூக்கப் பாத்தவன்."

அதற்குப் பிறகு கதை முழுவதையும் சொன்னான். திக்கித்தான் சொன்னான். திக்கின இடங்களிலெல்லாம் ஆட்கள் பொறுத்து நின்றார்கள். வாளால் பாறையை வெட்டின இடத்தில் அவன் கதை நின்றபோது, அடுத்தது என்ன என்று ஒரு பிள்ளை நுனிக்காலில் நின்றது. நன்றாகக் கதைக்கிறவர்கள் எத்தனையோ பேர் இந்தக் கதையைச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். இப்படி ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டதை நான் பார்த்ததில்லை. இது நான் அக்கா என்றபடியால் சொல்கிற கதையில்லை.

முடிந்ததும் எல்லோரும் நகரப் பார்த்தார்கள். தம்பி விடவில்லை. தெற்கே தண்ணீருக்கு அப்பால் கோடு மாதிரித் தெரிந்த கரையைக் காட்டினான்.

"அது மூதூர்ப் பக்கம். அதுக்கும் அங்கால கட்டைபறிச்சான். நாங்கள் பிறந்தது அங்க. கடைசியா நிக்கிறா, பெரிய பையோட, அவதான் என்னை லோஞ்சுப் படகில இந்தக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவ." பிறகு விசிறி வைத்திருந்த அம்மாவைப் பார்த்தான். "காலையில நீங்கள் என்ர பேர் கேட்டனீங்கள் அம்மா. நான் இன்னும் சொல்லயில்லை."

சொன்னான். முதல் எழுத்தில் அதிக நேரம் நின்றான். தாடை இறுகியது, கண் மூடித் திறந்தது. நான் பையின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றேன். தொப்பிக்காரரும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பெயர் வந்தது, முழுசாக, எங்கள் அம்மா வைத்தபடி.

"அப்போ சரி," என்றார் அந்த அம்மா. "இப்பதான் எனக்குப் பேர் தெரியும்."

சந்தையடியில் பஸ்ஸோடு நானா நின்றார். தொப்பிக்காரரைத்தான் முதலில் பிடித்துக் கேட்டார், "எப்படி சேர், எல்லாம் ஓகேயா?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார்.

"டைம் எடுத்துக்கறார்," என்றார். "எடுத்துக்கட்டுமே, நல்லா சொல்றார். அவசரம் எங்களுக்குத்தான்."

நானா தம்பியின் முதுகில் தட்டினார். "அடுத்த கப்பலுக்கும் நீங்கதான் தம்பி. காலையில வெள்ளனத்தோட வந்துருங்க."

பஸ் போனது. நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். பாதிப் பையோடு தோளில் பாரம் குறைந்திருந்தது, ஆனாலும் தம்பி அதை வாங்கிக்கொண்டான். அடுத்த கப்பல் வரும்போது வாடைக்காற்று தொடங்கிவிடும், ஏற்றத்தில் பாசி வழுக்கும், குடை கூடுதலாக வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் தபால் கந்தோரடியில் நின்றான்.

"அக்கா, அடுத்த க... க..."

அந்த வசனம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் பிறந்ததிலிருந்து அவனுடைய வசனங்களோடு இருக்கிறேன், தெரியாமல் போகுமா. நெஞ்சுக்குள் ஒருமுறை சுருக்கென்றது. பிறகு, என்னையே வேண்டாமென்று சொல்லுகிற அளவுக்கு வளர்ந்த ஆள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தலை தானாக நிமிர்ந்தது. ரோட்டில் ஓட்டோக்கள் போயின. தெரிந்த ஆட்கள் போனார்கள். ஒருத்தி நின்று பார்த்துவிட்டும் போனாள். நான் அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"...கப்பலுக்கு நீங்கள் வரவேணாம். நான் தனியப் போறன்."

"ஓம்" என்றேன்.